சந்திரம்மாள் கொலைச்சிந்து

அத்தியாயம் 9

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் சகாதேவன் ட்ரங்குப் பெட்டியைத் திறந்து, அந்தப் பச்சை அட்டைப் புத்தகம் இருக்கிறதா என்று பார்த்தார். இருந்தது.

அன்று சாயந்திரம் சம்பந்தி வேணு வருவதாக எழுதியிருந்தார். தன் கண் முன்னால் அந்தப் புத்தகம் எரிய வேண்டும், இல்லாவிட்டால் சகாதேவன் மகள் பொன்னிக்கும் தன் மகன் மூர்த்திக்கும் பேசிய கல்யாணத்தை இதோடு விட்டுவிடலாம் என்று கடிதத்தில் இருந்தது. கோபமாக எழுதிய கடிதம் இல்லை. அதனால்தான் சகாதேவனால் அதைத் தள்ளிவிட முடியவில்லை. 'அந்தப் பாட்டில் வருகிறவள் என் சம்சாரத்தைப் பெற்றவள். இனி என் சம்சாரம் உங்கள் வீட்டுப் படி ஏறும்போது அது அங்கே இருக்கக் கூடாது. மன்னிக்கவும்' என்று முடித்திருந்தார்.

ஒரு விதத்தில் தப்பு சகாதேவன் மேல்தான். போன வாரம், நிச்சயத்துக்கு நாள் குறிக்கக் கீழ்பென்னாத்தூரிலிருந்து வந்த சம்பந்தியைச் சும்மா காபி கொடுத்து அனுப்பியிருக்கலாம். பெட்டிகளைத் திறந்து காட்டினார். அதில் இந்தப் புத்தகத்தைப் பார்த்ததும் வேணு காபியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துபோனார். சகாதேவனுக்குக் காட்டும் ஆசை விடாது. ரயில்வே பார்சல் ஆபீசில் கிளார்க்காக இருபத்தாறு வருஷம். இலவச பாஸில் விழுப்புரம், காட்பாடி, மெட்ராஸ் என்று ஏறி இறங்கி அவர் சேர்த்ததெல்லாம் பழைய பாட்டுப் புத்தகங்கள்.

கொலை, வெள்ளம், பஞ்சம், ரயில் கவிழ்ந்தது என்று ஊரில் எது நடந்தாலும், அந்தக் காலத்தில் அதைச் சிந்துப் பாட்டாகக் கட்டி, பதினாறு பக்கத்தில் அச்சடித்து, சந்தையில் பாடிக்காட்டி விற்பார்கள். விலை காலணா. படித்தவர்கள் அதைப் புத்தகம் என்றே மதிக்கவில்லை. வாங்கியவர்கள் பாடி முடித்ததும் பொட்டலம் கட்டினார்கள், அடுப்பில் போட்டார்கள். லைப்ரரிகளும் வாங்கி வைக்கவில்லை. ஆயிரம் ஆயிரமாக அடித்தவை இப்போது ஒன்றிரண்டு கிடைத்தாலே அதிசயம்.

'சந்திரம்மாள் கொலைச்சிந்து' தேரடித் தெருவில் சாந்த் பாஷாவின் பழைய பேப்பர் கடையில் கிடைத்தது. யாரோ ஒருவர் பத்துப் பாட்டுப் புத்தகங்களை அடுக்கி ஒன்றாகத் தைத்து வைத்திருந்தார். இது நடுவில் இருந்தது. மெட்ராஸிலிருந்து வந்து பார்த்த ஆராய்ச்சிக்காரர் ஒருவர், வேறெங்கும் இதைப் பார்த்ததில்லை என்றார். ஏன் வேறெங்கும் இல்லை என்பது வேணுவின் கடிதம் வந்த பிறகுதான் சகாதேவனுக்குப் புரிந்தது. சந்திரம்மாள் குடும்பத்து ஆட்கள் சந்தை சந்தையாகப் போய் வாங்கி வாங்கி எரித்திருக்கிறார்கள்.

சகாதேவன் மனைவி ரேணுகாம்பாளுக்கு இதில் யோசிக்க ஒன்றுமே இல்லை. இத்தனை வருஷமாக அந்தப் பெட்டிகளுக்கு இடம் விட்டுத்தான் அவள் பாய் விரித்திருக்கிறாள். ஒரு நாளும் குறை சொன்னதில்லை. இன்று காலையில் இட்லி வைத்துவிட்டு எதிரிலேயே உட்கார்ந்துகொண்டாள். நல்ல இடம், நல்ல பையன், பொன்னிக்கும் பிடித்திருக்கிறது, இதைவிட ஒரு பேப்பர் பெரிசா என்று மெதுவாகத்தான் கேட்டாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள்.

"உங்கம்மாவப் பத்தி யாராச்சும் இப்படி அச்சடிச்சு வச்சிருந்தா, நீங்க பெட்டில பூட்டி வச்சிருப்பீங்களா?"

சகாதேவன் இட்லியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துபோனார்.

உள்ளே போய் அவர் செய்த காரியத்தை யாரும் பார்க்கவில்லை என்றுதான் நினைத்தார். அவரிடம் இன்னொரு பச்சை அட்டைப் புத்தகம் இருந்தது. ஏதோ ஆற்று வெள்ளத்தைப் பற்றிய சிந்து. அதே அச்சுக்கூடம், அதே அளவு. அட்டையில் இருந்த படம்கூட அதேதான். முக்காடு போட்டு, கன்னத்தில் கை வைத்த ஒரு பெண். அந்தக் காலத்து அச்சுக்கூடங்களில் நாலைந்து மரக்கட்டைப் படங்கள்தான் இருக்கும், எந்தப் புத்தகம் வந்தாலும் அதில் ஒன்றை எடுத்து அடித்துவிடுவார்கள். வேணுவுக்குக் கண் பார்வை அவ்வளவு தெளிவில்லை. தலைப்புப் பக்கத்தை மட்டும் கிழித்துவிட்டு இதை எரித்தால் அவருக்குத் தெரியப் போவதில்லை.

கிழிக்கக் கையை வைத்தபோது பின்னால் பொன்னி நின்றுகொண்டிருந்தாள்.

பொன்னி முனிசிபல் பள்ளிக்கூடத்தில் டீச்சர். சின்ன வயதிலிருந்தே அப்பாவின் பெட்டிகளைத் தூசி தட்டி அடுக்குகிறவள். அவர் கையில் எது இருக்கிறது, எதற்காக இருக்கிறது என்று அவளுக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை.

"அவருக்குத் தெரியாது நைனா. எனக்குத் தெரியுமே. அந்த வீட்ல போய் இருக்கப்போறது நான்தான?"

சகாதேவன் வெள்ளச் சிந்தைப் பெட்டியில் வைத்து மூடினார்.

மத்தியானம் பன்னிரண்டு மணி வெயிலில் வாசலில் ஒரு குரல் கேட்டது. ரேணுகாம்பாள் போய்ப் பார்த்தாள். வந்திருந்தது வேணு இல்லை, அவர் மனைவி வெள்ளையம்மாள். துணைக்கு யாரும் வரவில்லை. கையில் ஒரு துணிப்பை. பெண் பார்க்க வந்த அன்று ஒரு மூலையில் உட்கார்ந்து பொன்னியைப் பார்த்துச் சிரித்துவிட்டு, அதிகம் பேசாமல் போனவள். ஐம்பத்தைந்து வயது இருக்கும்.

ரேணுகாம்பாள் தண்ணீர் கொடுத்தாள். குடித்துவிட்டு அவள் நேரே விஷயத்துக்கு வந்தாள். வீட்டில் பெரிய கோயிலுக்குப் போவதாகச் சொல்லிவிட்டுப் பஸ் ஏறினாளாம். கோயிலுக்குப் போகவில்லை. மூர்த்திதான் நேற்று அவளிடம் எல்லாவற்றையும் சொன்னானாம். அப்பா எரிக்கச் சொல்லி எழுதியது அம்மாவுக்குத் தெரியாமல் இருப்பது அவனுக்குச் சரியாகப் படவில்லை.

"அத எரிக்கறதுக்கு முன்ன ஒரு தபா எனக்குப் படிச்சுக் காட்டுங்கண்ணா" என்றாள் சகாதேவனிடம். "எனக்குப் படிக்கத் தெரியாது."

சகாதேவன் திகைத்துப்போனார். அது நல்ல பாட்டு இல்லை, கேட்டால் வருத்தமாக இருக்கும் என்று தயங்கித் தயங்கிச் சொன்னார்.

முதல் நான்கு வரி தனக்கு மனப்பாடம் என்றாள் வெள்ளையம்மாள். சின்ன வயதில் அவள் தண்ணீர் எடுக்கப் போனால் பிள்ளைகள் பின்னாலேயே பாடிக்கொண்டு வருவார்களாம். அதற்கு மேல் என்ன இருக்கிறதென்று தெரியாது. வளர்த்த மாமா சொல்லவில்லை. கட்டிய புருஷன் அந்தப் பேச்சையே வீட்டுக்குள் விட்டதில்லை. அப்பா செத்தபோது அவள் கைக்குழந்தை. அம்மா விஷம் வைத்தாள் என்று கேஸ் நடந்து, ஒன்றரை வருஷத்தில் விடுதலையாகி வந்து, இரண்டு வருஷம் காய்ச்சலோடு இருந்து போய்விட்டாள். அம்மா முகம் ஞாபகம் இல்லை. ஒரு போட்டோ கிடையாது.

"கோர்ட்டுல விட்டுட்டாங்கன்னு மாமா சொல்வாரு. காச குடுத்து வெளிய வந்தான்னு ஊர்ல சொல்வாங்க. எங்கம்மா செஞ்சாளா இல்லியான்னு எனக்கு இன்னிக்கு வரைக்கும் தெரியாதுண்ணா."

ரேணுகாம்பாள்தான் எழுந்துபோய்ப் பெட்டியிலிருந்து புத்தகத்தை எடுத்து வந்தாள். காலையில் அதை எரிக்கச் சொன்னவளும் அவள்தான்.

வெள்ளையம்மாள் புத்தகத்தை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். அட்டைப் படத்தின் மேல் ஒரு விரலை வைத்தாள்.

"இது எங்கம்மாவா?"

ஆமாம் என்று சொல்லிவிட சகாதேவனுக்கு வாய் வரை வந்தது. பொன்னி அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இல்லம்மா. அது அச்சுக்கூடத்துல கெடந்த படம். எல்லாப் புஸ்தகத்துலயும் இதத்தான் போடுவாங்க."

வெள்ளையம்மாள் தலையாட்டினாள். விரலை மட்டும் எடுக்கவில்லை.

பொன்னி பக்கத்தில் உட்கார்ந்து படித்தாள். வகுப்பில் படிப்பதுபோல நிறுத்தி நிறுத்தி, ஒரு சொல்லையும் விடாமல்.

'பாலும் சோறும் பிசைந்த கையால் – அந்தப்
பாதகி நஞ்சைப் பிசைந்தாளே.'

அதெல்லாம் தனக்குத் தெரியும், மேலே படி என்று கை காட்டினாள் வெள்ளையம்மாள். புருஷன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு விழுந்தது, பங்காளிகள் ஓடி வந்தது, போலீஸ் வந்தது என்று பாட்டு நீண்டுகொண்டே போனது. பக்கத்துக்குப் பக்கம் வசவுதான். பொன்னிக்கு இரண்டு இடத்தில் குரல் இறங்கியது. சத்தமாகப் படி என்றாள் வெள்ளையம்மாள்.

பதினோராம் பக்கத்தில் பாட்டுக்காரர் கோர்ட்டைச் சொல்ல ஆரம்பித்தார். வேலூர் கோர்ட்டுக்குத் தானே போய், ஜனங்களோடு நின்று கண்ணால் பார்த்ததாகச் சொல்லியிருந்தார். சந்திரம்மாள் மாநிறம், இடது புருவத்தில் ஒரு தழும்பு, ஊதா நிறச் சேலை, இடுப்பில் ஒரு பெண் குழந்தை, அதன் காலில் வெள்ளிக் கொலுசு. அவளைத் திட்ட வந்தவர்தான். கண்ணில் பட்டதை விட்டுவிட அவருக்கு மனம் வரவில்லை போலிருக்கிறது.

'குற்றம் படிக்கிற வேளையிலே – கூண்டில்
குழந்தையின் காதைப் பொத்தினளே.'

பொன்னி நிறுத்தினாள். அவள் நிறுத்தியது வாசிப்பு முறைக்காக இல்லை.

"அந்த ரெண்டு வரிய இன்னொரு தபா படி" என்றாள் வெள்ளையம்மாள்.

பொன்னி படித்தாள். வெள்ளையம்மாள் மறுபடியும் படிக்கச் சொன்னாள். மூன்றாவது முறை படித்து முடித்தபோது, அவள் தன் புருவத்தைத் தடவிக்கொண்டிருந்தாள். அழவில்லை. பக்கத்தில் இருந்த ரேணுகாம்பாள்தான் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சோறு வடிக்க எழுந்துபோனாள்.

கடைசிப் பக்கத்தில் பாட்டு இல்லை. ஓர் அறிவிப்புதான் இருந்தது. சகாதேவன் அதைப் பலமுறை படித்திருக்கிறார். இன்றுதான் அதைக் கேட்க வேண்டிய ஆள் எதிரில் இருப்பதுபோலப் பட்டது. இது இரண்டாம் பதிப்பு, இதன் இரண்டாம் பாகமான 'சந்திரம்மாள் விடுதலைச் சிந்து', உண்மையில் நடந்தது என்ன என்று ஜட்ஜு துரை சொன்ன தீர்ப்பின் விவரத்துடன் ஆயிரம் பிரதிகள் அச்சாகியிருக்கிறது, போலிகளைக் கண்டு ஏமாறாமல் மஞ்சள் அட்டை பார்த்து வாங்கவும் என்று போட்டிருந்தது.

பொன்னி படித்ததை வெள்ளையம்மாள் உடனே புரிந்துகொண்டாள். அந்த மஞ்சள் அட்டைப் புத்தகம் கிடைக்குமா என்று கேட்டாள். எட்டு வருஷமாகத் தேடுகிறேன், இன்னும் கண்ணில் படவில்லை என்றார் சகாதேவன். இனிமேல் இன்னும் நன்றாகத் தேடுவதாகவும் சொன்னார். அதை அவர் மனசாரத்தான் சொன்னார்.

நாலரை மணிக்கு வேணு வந்தார். அறுபது வயது, உயரமான மனிதர். வாசலில் மனைவியின் செருப்பைப் பார்த்ததும் அங்கேயே நின்றுவிட்டார். ரேணுகாம்பாள் உள்ளே வரச் சொன்ன பிறகுதான் வந்தார்.

வெள்ளையம்மாள் எழுந்து நின்றாள். புத்தகம் அவள் கையில் இருந்தது.

"நீ எதுக்கு இங்க வந்த?" என்றார். கடிந்து கேட்கவில்லை. பயந்துபோய்க் கேட்டார்.

எல்லாவற்றையும் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டேன் என்றாள். வேணு நாற்காலியில் உட்கார்ந்தார். முப்பத்தேழு வருஷமாக அந்தப் பாட்டின் ஒரு வரிகூட அவள் காதில் விழாமல் பார்த்துக்கொண்டவர் அவர். சந்தையில் யாரோ அதை முணுமுணுத்ததற்காக ஒருவனை அடித்துவிட்டுப் பஞ்சாயத்தில் நின்றிருக்கிறார். அது அவளுக்கே தெரியாது. கடைசியில் அவளே தேடி வந்து கேட்டுவிட்டாள்.

சகாதேவன் முன்னால் வந்து, இந்தப் புத்தகம் இனி தன்னுடையது இல்லை, சம்பந்தியம்மா எடுத்துக்கொள்ளட்டும், எரிப்பதோ வைப்பதோ அவர்கள் இஷ்டம் என்றார். அதைச் சொல்ல அவர் என்ன பாடு பட்டார் என்று பொன்னிக்கு மட்டும் தெரியும். அப்பாவின் தோளைத் தொட்டுக்கொண்டு நின்றாள்.

வெள்ளையம்மாள் கணவரைப் பார்த்துச் சொன்னாள்.

"எங்கம்மா பேரு வேற எதுலயும் இல்லீங்க. இதுல திட்டியாச்சும் வச்சிருக்காங்க. இத எரிக்க வேணாம்."

வேணு தரையைப் பார்த்தபடி, உனக்கு வேணாம்னா வேணாம் என்று மட்டும் சொன்னார்.

அவள் புத்தகத்தைச் சகாதேவன் கையில் கொடுக்காமல் பொன்னியிடம் நீட்டினாள். "நான் எடுத்துகினு போய் இன்னா பண்றது? எனக்குப் படிக்கத் தெரியாது. நீ நம்ம வூட்டுக்கு வரும்போது எடுத்துகினு வா."

ரேணுகாம்பாள் உள்ளே போய் வேகவேகமாகக் காபி கலந்தாள். இந்தத் தடவை வேணு மிச்சம் வைக்காமல் குடித்தார். ஆவணி மாதத்தில் எந்த முகூர்த்தம் என்றுகூடப் பேச்சு வந்தது. அந்தச் சந்தோஷத்தில் வெள்ளையம்மாள்தான் இரண்டாம் பாகத்தைப் பற்றிக் கணவரிடம் சொன்னாள். ஜட்ஜு சொன்னதெல்லாம் அதில் இருக்கிறதாம், மஞ்சள் அட்டையாம், அண்ணன் தேடித் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறார் என்றாள்.

மஞ்சள் அட்டையா என்று வேணு கேட்டார். ஆமாம் என்றாள் பொன்னி. அவர் கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, நேரமாகிறது, பஸ்ஸுக்குப் போகலாம் என்று எழுந்துவிட்டார்.

சகாதேவன் அவர்களோடு பஸ் ஸ்டாண்டு வரை போனார். கீழ்பென்னாத்தூர் பஸ் நின்றிருந்தது. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். வெள்ளையம்மாள் முதலில் ஏறி இடம் பிடித்தாள். வேணு ஏறவில்லை. சகாதேவனைப் பஸ்ஸுக்குப் பின்பக்கமாக அழைத்துக்கொண்டு போனார்.

கல்யாணமான புதிதில், ஒரு வெள்ளிக்கிழமைச் சந்தையில், பாட்டுப் புத்தகம் விற்கிறவன் மூட்டையில் ஒன்றைப் பார்த்தாராம். அவருக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். சந்திரம்மாள் என்ற பேரைப் படித்தார். அதற்கு மேல் படிக்கவில்லை. வாங்கிக்கொண்டு போய்க் களத்து மேட்டில் வைத்துக் கொளுத்திவிட்டார். அவளிடம் சொல்லவே இல்லை.

"அது பச்சை இல்ல சம்பந்தி" என்றார். "மஞ்சள்."

சகாதேவன் எட்டு வருஷம் தேடியது. இந்த மனிதர் கையில் இருந்திருக்கிறது. சகாதேவன் மனதுக்குள் எழுந்தது கோபமா என்று அவருக்கே தெரியவில்லை. வேணுவின் முகத்தைப் பார்த்த பிறகு அது அடங்கிவிட்டது.

"ஆயிரம் காப்பி போட்டாங்க" என்றார். "நீங்க எரிச்சது ஒண்ணு."

ஆயிரமாக அச்சடித்த எத்தனையோ புத்தகங்களில் ஒன்றுகூட மிஞ்சாமல் போனதை அவர் அறிவார். ஆனாலும் சொன்னார். வேணு அதைப் பிடித்துக்கொள்ள ஏதோ கிடைத்ததுபோலக் கேட்டுக்கொண்டார்.

"விக்க வந்தவன் யாருன்னு ஞாபகம் இருக்குதா?" என்று கேட்டார் சகாதேவன்.

ஒரு கை இல்லாதவன், மண்ணாங்கட்டி என்று கூப்பிடுவார்கள், பாட்டுக் கட்டுகிறவனிடம் நேரே வாங்கி விற்பதாகச் சொன்னான், வேட்டவலம் பக்கம் என்று ஞாபகம் என்றார் வேணு. உயிரோடு இருக்கிறானோ என்னவோ. சகாதேவன் அதைச் சட்டைப்பையிலிருந்த பார்சல் ரசீதின் பின்னால் எழுதிக்கொண்டார்.

டிரைவர் ஏறி உட்கார்ந்தார். வேணு போகாமல் நின்றார்.

"அவகிட்ட நான் சொல்லணுமா?"

புத்தகத்தைப் பற்றி என்ன கேட்டாலும் சொல்லத் தெரிந்த சகாதேவன், அந்தக் கேள்விக்குச் சம்பந்தியின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அதற்குள் ஜன்னலில் வெள்ளையம்மாள் தலை நீட்டி, இடம் வைத்திருக்கிறேன், வாங்க என்று கூப்பிட்டாள். காலையில் கோயிலுக்கென்று பொய் சொல்லிவிட்டு வந்தவள் முகம் இப்போது தெளிவாக இருந்தது.

வேணு ஏறிப் போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். பஸ் நகர்ந்தது. பின்கண்ணாடி வழியாக இரண்டு தலைகளும் தெரிந்தன. வளைவில் திரும்பும்போது வேணு அவள் பக்கம் குனிந்து ஏதோ சொன்னார். வெள்ளையம்மாள் சட்டென்று அவரைத் திரும்பிப் பார்த்தாள். அதற்கு மேல் சகாதேவனுக்குத் தெரியவில்லை.